தாய்மாமன் சீராக வந்த கரம்பை

சேற்றில் இறங்கிச் சம்பளம் வாங்கும் என் மகளுக்கு,

உன் கடிதம் வந்து பதினைந்து நாள் ஆகிறது. இத்தனை நாள் பதில் போடவில்லையே என்று என்னைத் திட்டியிருப்பாய். திட்டு, எனக்கு அது வேண்டும். ஆனால் காரணம் சோம்பல் இல்லை. இரண்டு உள்ளங்கையிலும் கொப்புளம். சாக்பீஸ் பிடித்த கை மம்பட்டி பிடித்தால் இப்படித்தான் ஆகும் என்று உன் அம்மா வேப்பெண்ணெய் தடவிக்கொண்டே சிரிக்கிறாள். எனக்கும் சிரிப்பாகத்தான் இருக்கிறது. இவ்வளவு சந்தோஷமாக நான் இருந்து வெகுநாள் ஆயிற்று, தாயி. ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவு பெரிய கடிதம். உட்கார்ந்து படி. உன் ஆபீஸ் சிநேகிதிகளுக்கும் வேண்டுமானால் படித்துக் காட்டு, எனக்கு இனி வெட்கப்பட ஒன்றும் மிச்சமில்லை.

முதலில் உன் கடிதத்தைப் பற்றி. தபால்காரர் கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றார். "புள்ள என்ன எழுதியிருக்குன்னு ரெண்டு வரி சொல்லுங்க, கேட்டுட்டுப் போறேன்" என்றார். ரெண்டு வரி என்று சைக்கிளைச் சாத்தியவர் ஒரு செம்பு மோரையும் குடித்துவிட்டு, நீ கடலோரம் முழங்கால் ஆழத்துக் காயலில் நின்று ஆராய்ச்சிக்காகக் குழாயால் சேறு எடுக்கிறாய் என்கிற இடம் வரைக்கும் கேட்டார். அவ்வளவுதான், செம்பட்டி ரோடு முழுக்கத் தகவல் போய்விட்டது. வாத்தியார் மகள் பி.எஸ்ஸி. படித்துப் பட்டணத்துக்குப் போய்ச் சேறு அள்ளுகிறதாம். உன் அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "மேசை நாற்காலி வேலைன்னுல சொல்லிச்சு" என்றாள். நான் சொன்னேன், மேசையில் உட்கார்ந்து தப்புச் செய்கிறவர்கள் ஏராளம் பேர் இருக்கிறார்கள், சேற்றில் நின்று சரியாகச் செய்கிறவள் நம் வீட்டில் ஒருத்தியாவது இருக்கட்டும் என்று. சொல்லும்போதே எனக்கு உள்ளுக்குள் உறுத்தியது. சேற்று விஷயத்தில் உன் அப்பனின் யோக்கியதை என்ன என்று உனக்குப் பாதிதான் தெரியும்.

மீதிப் பாதியை உன் அத்தை உனக்கு எழுதப் போகிறாள். ஆரோக்கியத்துக்கு எழுதத் தெரியாது, உன் அம்மாவிடம் சொல்லி எழுதவைப்பாள். அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து என்னைப் பற்றி ஒரு கடிதம் எழுதினால் அதற்குக் கண், காது, மூக்கு எல்லாம் முளைக்கும். அதனால் நான் முந்திக்கொள்கிறேன். விஷயம் இதுதான். பதினோரு வருஷத்துக்கு முன்னால் நான் என் தங்கையிடம் ஒரு பொய் சொன்னேன். அதை மெய்யென்று நம்பி அவள் அந்தோணியார் கோயிலில் ஊர் முன்னால் நின்று சத்தியம் செய்தாள். நான் பக்கத்திலேயே நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

அணா போய் நயா பைசா வந்த வருஷம் அது. உன் அத்தையின் மூத்தவனுக்குப் புதுநன்மை, முதல்முறையாக நற்கருணை வாங்குகிற விசேஷம். உனக்கு அப்போது பத்து வயது, பாயசம் மட்டும்தான் நினைவிருக்கும். தாய்மாமன் சீர் என்ன வரும் என்று அவள் புகுந்த வீட்டில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மோதிரம் போட எனக்கு வழியில்லை, அதைச் சொல்லவும் மனமில்லை. ஆரோக்கியத்தின் பேரில் ஒரு ஏக்கர் கிணற்றுத் தோட்டம் இருக்கிறதே, எங்கள் அய்யா, உன் தாத்தா, அவளுக்கென்று எழுதிவைத்தது, அதில் அவள் சின்ன வெங்காயம் போடுவாள். அந்த வீட்டில் அவளுக்குச் சொந்தமென்று இருந்ததும், அவள் பேச்சுக்கு மதிப்புத் தந்ததும் அந்த ஒரு ஏக்கர்தான். பந்தியில் எல்லோர் காதிலும் விழும்படி நான் எழுந்து நின்று, "என் தங்கச்சி தோட்டத்துக்கு முப்பது வண்டி கரம்பை, அதுதான் என் சீர்" என்று சொல்லிவிட்டேன். உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, உன் சிநேகிதிகளுக்காகச் சொல்கிறேன்: கோடையில் கண்மாய் வற்றியதும் அடியில் படிந்து கிடக்கும் வண்டலைத்தான் இங்கே கரம்பை என்கிறோம். அதை வெட்டிக் காட்டுக்கு அடித்தால் அந்த வருஷம் வெள்ளாமை சும்மா திமிறிக்கொண்டு வரும். தங்கத்தைவிடப் பெரிய சீர் என்று கிழவர்கள் எல்லாம் தலையை ஆட்டினார்கள். ஆரோக்கியத்தின் முகம் பூரித்துப் போனது இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது.

சொல்லியாயிற்று, மண் வேண்டுமே. பரீட்சைப் பேப்பர் திருத்தி முடித்துவிட்டு நான் நம் ஊர்க் கண்மாய்க்குப் போனபோது நல்ல கரம்பையெல்லாம் போய்விட்டது. சுக்காங்கல்தான் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. அப்போது திண்டுக்கல் போன இடத்தில் ஊருக்கு வெளியே ஒரு குளத்தைப் பார்த்தேன். தோல் பதனிடும் ஷாப்புகளின் கழிவு வாய்க்கால் வந்து விழுகிற குளம். வற்றிப்போய், வாய்க்கால் விழும் பக்கம் ஆளுயரத்துக்கு மை மாதிரி கறுப்பு மண் கிடந்தது. ஒருத்தன் வெட்டவில்லை. ஒரு வண்டித் தடம்கூட இல்லை. வேறு யாராவது என்றால் ஏன் ஒருத்தரும் வெட்டவில்லை என்று யோசித்திருப்பார்கள். நான் வாத்தியார் இல்லையா, ஊரில் எல்லோரும் முட்டாள்கள் என்று முடிவு கட்டினேன். கறுப்பு என்றால் சத்து. நானே பிள்ளைகளுக்கு நடத்துகிற பாடம்.

கவனித்திருந்தால் தெரிந்திருக்கும் தாயி. அந்தப் பக்கம் ஒரு கோரை முளைத்திருக்கவில்லை. குளத்தின் எதிர்க் கோடியில் கொக்கு நின்றது, இங்கே ஒன்றுகூட இல்லை. தேங்கிக் கிடந்த தண்ணீரை நம் மயிலைக்காளை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. மாட்டுக்குத் தெரிந்தது வாத்தியாருக்குத் தெரியவில்லை. ஷாப்பில் தோல் அலசுகிற ஒரு மனிதர், இடுப்பில் கோவணமும் கையெல்லாம் சுண்ணாம்பு தின்ற புண்ணுமாக வந்து, "வாத்தியாரய்யா, அது மண்ணு இல்லீங்க. உப்பும் சுண்ணாம்பும் தோல்ல வழிச்ச முடியும் படிஞ்சு கெடக்கு. அதுல புல்லு பூண்டு மொளைக்காது" என்றார். நான் அவரை ஏற இறங்கப் பார்த்தேன். "ஒனக்குத் தோலு தெரியும்ப்பா, எனக்கு மண்ணு தெரியும்" என்றேன். அவர் தோல் அலசத் திரும்பிப் போய்விட்டார். அவர் படித்தவராகவோ சட்டை போட்டவராகவோ இருந்திருந்தால் நான் கேட்டிருப்பேன். அதை இப்போது எழுதும்போது காது சுடுகிறது. உனக்கு அங்கே காயலில் வலை போடுகிறவர்களும் நண்டு பிடிக்கிறவர்களும் ஏதாவது சொல்வார்கள். உன் புத்தகத்தில் இல்லாததைச் சொன்னால் இன்னும் செத்த நேரம் நின்று கேள். இந்த ஒரு புத்திமதிதான் என்னிடம் சொந்தமாக இருக்கிறது, மற்றதெல்லாம் பாடப்புத்தகம்.

சீர் வந்த அழகைக் கேட்கிறாயா. பத்து வண்டி, மூன்று நடை. முதல் நடைக்கு மேளம் வைத்தேன். மாட்டுக் கொம்புக்கெல்லாம் காகிதப் பூ, நுகத்தடியில் வேப்பிலை, முன்வண்டியில் மண்குவியலுக்கு மேலே சந்தனம் குங்குமத்துக்குப் பதிலாகச் சிறகு வைத்த ஒரு சம்மனசு படம். உன் அம்மா தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு ஒரு கைப்பிடிக் கரம்பையும் வைத்துத் தூக்கி வந்தாள். வழியில் உள்ளவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். "சத்து அதிகம், அதான் வாடை" என்று நான் எல்லோருக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டே நடந்தேன். உன் சூசை மாமா, அத்தையின் வீட்டுக்காரர், தோட்டத்து வாசலில் துண்டை இடுப்பில் கட்டி நின்று வரவேற்றார். மண்ணைச் சீராகக் கொண்டுவந்து மேளம் அடித்த தாய்மாமன் இந்த வட்டாரத்திலேயே நான் ஒருவன்தான். அந்த ஒரு நாள் சந்தோஷத்தில் பொய் இல்லை. அதை மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஆடியில் வெங்காயம் ஊன்றினாள். பத்து நாளில் தாள் நுனி கருகியது. இருபது நாளில் பாத்தி முழுக்க மஞ்சள். நிலத்தின் மேலே வெள்ளையாக உப்புப் பூத்தது. மண்புழு எல்லாம் மேலே வந்து செத்துக் கிடந்தது, காக்காய்கூடக் கொத்தவில்லை. ஆரோக்கியம் ஒரு கட்டியை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்து, துப்பினாள். "உப்புக் கரிக்குதுண்ணே. எந்தக் கண்மாய் மண்ணு இது?" என்று கேட்டாள். நான், "நம்ம கண்மாய்தான்" என்றேன். சூசை மச்சான் குனிந்து மண்ணைக் கிளறி, ஒரு கொத்து ஆட்டு முடியை உருவி எடுத்து, என் முகத்துக்கு நேரே பிடித்தார். "நம்ம கண்மாய்ல ஆடு மொளைக்குதா மச்சான்?" என்றார். அதற்கப்புறம் ஒளிக்க என்ன இருக்கிறது. சொல்லிவிட்டேன். மச்சான் கோபித்துக்கொண்டால்கூடத் தாங்கியிருப்பேன், அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஆரோக்கியம் சிரிக்கவில்லை. அவள் தன் ஒரு ஏக்கரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் அவளே வழி சொன்னாள். மேலே பரப்பிய கரம்பையைச் செதுக்கி எடுத்துவிட வேண்டும். "ஓடையில தள்ளிவிட்டா மழை அடிச்சுக்கிட்டுப் போயிரும்" என்று மச்சான் சொன்னார். அவள் சீறினாள். "எங்கே போகும்? கீழே நம்ம ஊர்க் குட்டைக்குத்தானே போகும். என் நெலத்துல கெடந்தா விஷம், அடுத்தவ தண்ணியில கெடந்தா தண்ணியா?" என்றாள். படிக்காதவள் தாயி. நீ மூன்று வருஷம் காலேஜில் படித்ததை அவள் கோபத்தில் ஒரே வரியில் சொன்னாள். நம் காட்டு மூலையில் கல் உடைத்துப்போட்ட பாறைக்குழி இருக்கிறதல்லவா, அடியெல்லாம் கருங்கல், அதில் கொட்டி மேலே களிமண் போட்டு மூடுவது என்று முடிவு. மண் கொண்டுவந்தவன் நான், கொண்டுபோக வேண்டியவனும் நான். இருபத்திரண்டு வண்டி ஒழுங்காகக் குழிக்குப் போயிற்று. அதற்குள் மேற்கே இருட்டிக்கொண்டு மேகம் வந்தது, இன்ஸ்பெக்ஷனுக்கு அதிகாரி வருகிறார் என்று பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்தது, மயிலைக்கு லாடம் கழன்று நொண்டியது. பாதி வழியில் ஓடை வளைவு. யாரும் இல்லை. மீதி எட்டு வண்டியை அங்கேயே கவிழ்த்தேன். இரண்டு நாள் மழையில் ஓடை வந்தது, குவியல் எட்டும் காணாமல் போயின. எனக்கு எவ்வளவு நிம்மதி. ஆரோக்கியம் கேட்டபோது, "ஒரு வண்டி விடாமல் குழிக்குள்ள போயாச்சு" என்றேன்.

அடுத்த வாரம் அவள் ஊர்க் குட்டையில் கெண்டையும் அயிரையும் வெள்ளை வெள்ளையாக மிதந்தன. மாடு தண்ணீர் குடிக்கவில்லை. ஆரோக்கியம் தோட்டத்து விஷ மண் கரைந்துதான் வந்தது என்று ஊர் பேசியது. அந்தோணியார் கோயில் முன்னால் கூட்டம் போட்டார்கள். உனக்குத் தெரியும், அந்தக் கோயிலில் பொய்ச் சத்தியம் செய்ய அந்தப் பக்கத்தில் எந்தச் சாதிக்காரனுக்கும் துணிச்சல் வராது. அவள் அந்தோணியார் சிலை இருக்கிறதே, அந்தச் சுரூபத்துக்கு முன்னால் போய் நின்றாள். "எங்க தோட்டத்து மண்ணு ஒரு வண்டி விடாம கல்லுக்குழிக்குள்ள கெடக்கு. எங்க அண்ணன் கையால கொண்டுபோய்ப் போட்டது. அந்தோணியார் அறியச் சத்தியம்" என்றாள். ஊர் கலைந்தது. நான் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டேன். பிறகு ஒரு மாசம் கழித்து அவள் மூத்தவனுக்கு விஷக் காய்ச்சல் வந்தபோது, யாரோ ஒருத்தி கிணற்றடியில் சத்தியத்தைப் பற்றி ஜாடை பேசினாளாம். "பொய் சொன்னவதானே பயப்படணும், எனக்கென்ன" என்று ஆரோக்கியம் சொல்லிவிட்டு வந்தாள். அவள் பயப்படவில்லை. அவன் காய்ச்சல் இறங்கும் வரைக்கும் பயந்து செத்தவன் நான்.

பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். பங்குச் சாமியார் முழுக்கக் கேட்டார். அபராதமாக அருள் நிறைந்த மந்திரம் பத்து சொல், பிறகு உன் தங்கச்சியிடம் போய் உண்மையைச் சொல் என்றார். நான் என்ன செய்தேன் தெரியுமா. பத்துக்கு ஐம்பதாகச் சொன்னேன். கூடுதல் நாற்பது அந்த இரண்டாவது வேலைக்கு ஈடாகிவிடும் என்று எனக்கு நானே கணக்குப் போட்டுக்கொண்டேன். நாலாம் வகுப்புப் பிள்ளை இந்தக் கணக்கைப் போட்டிருந்தால் காதைத் திருகியிருப்பேன்.

தோட்டம் தேறிவிட்டது. அதைச் சொல்லாமல் விட்டால் உன் அத்தை சண்டைக்கு வருவாள். தழை உரத்துக்குக் கொளுஞ்சி விதைத்து மடக்கி உழுதாள், ஆட்டுக்கிடை போட்டாள், இரண்டு மழைக்காலம் தண்ணீரைக் கட்டி வடித்தாள். மூன்றாம் வருஷம் வெங்காயம் வந்தது பார், ஒவ்வொன்றும் பூண்டு மாதிரித் தெறித்தது. முதல் கூடையை நம் வீட்டுக்குத்தான் கொண்டுவந்தாள். நீயும் அம்மாவும் ஆளுக்கு ஒரு கை உரித்தீர்கள், வீடே மணத்தது. எல்லாம் சரியாகிவிட்டது, மழை அடித்துக்கொண்டு போனது போனதுதான் என்று நான் நிம்மதியாக இருந்துவிட்டேன். இத்தனை வருஷமும் அதுதான் என் சமாதானம்.

அந்த நேரத்தில்தான் நீ கடிதம் போடுகிறாய். போன ஞாயிற்றுக்கு முந்தின ஞாயிறு, பூசை முடிந்து எல்லோரும் அத்தை வீட்டில் இருந்தோம். உன் கடிதத்தை நான்தான் படித்தேன், பள்ளிக்கூடக் குரலில். குழாயை அழுத்தி எடுத்துச் சேற்றைப் புட்டு மாதிரித் தள்ளி வைத்தால் அடுக்கு அடுக்காக வருகிறது, கீழ் அடுக்கு சாம்பல் நிறம், மேல் அடுக்கு கறுப்பு என்று எழுதியிருந்தாய். எல்லோரும் ரசித்தார்கள். மேலே தண்ணீர் கண்ணாடியாக இருந்தாலும் பட்டணத்துச் சாக்கடையும் ஆலைக் கழிவும் கொண்டுவந்தது அடியிலேயே கிடக்கிறது என்றாய். அடுத்த வரி: 'பத்து வருஷத்துக்கு முன்னால் போட்டதுகூடப் போகவில்லை அப்பா. அதைப் புழு தின்கிறது, புழுவை இறாலும் நண்டும் தின்கிறது, அதை மடவை மீன் தின்கிறது, மீனை நாங்கள் தின்கிறோம்.' நான் கடிதத்தை மடித்து மடியில் வைத்தேன். "ஏண்ணே நிறுத்திட்ட, படி" என்றாள் ஆரோக்கியம். படிக்கவில்லை. சொல்லிவிட்டேன். எட்டு வண்டி, ஓடை வளைவு, எல்லாவற்றையும்.

உன் அம்மா என்னைப் பார்த்த பார்வையை எழுதத் தமிழில் எனக்கு வார்த்தை இல்லை. ஆரோக்கியம் கேட்டாள், "எட்டா, ஒம்பதா? சரியாச் சொல்லு. இன்னொருக்கா நான் சாமி முன்னாடி பேசணும், இந்தத் தடவையாச்சும் சரியா இருக்கணும்ல." எட்டு என்றேன். அவள் எழுந்து உள்ளே போனாள். சாப்பாட்டில் எல்லோர் இலையிலும் கறி விழுந்தது, என் இலையில் சோறு மட்டும் விழுந்தது, வெஞ்சனம் விழவில்லை. நான் தலையைக் குனிந்து அந்தச் சோற்றைத் தின்றேன். கை கழுவியதும் அவள் மம்பட்டியோடு வாசலில் நின்றாள். பூசைக்குக் கட்டிய சேலையை மாற்றக்கூட இல்லை. "வா, எடத்தைக் காட்டு" என்றாள்.

ஓடை காய்ந்து கிடந்தது. வளைவின் உள்பக்கம், மணல் ஒதுங்குகிற இடத்தில் வெட்டினேன். ஒரு முழம் வெறும் மணல். அவளுக்கு முன்னால் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது, இல்லை பார், போய்விட்டது என்று சொல்ல வாயெடுத்தேன். அடுத்த வெட்டில் கறுப்புத் தெரிந்தது. மணலுக்கும் மணலுக்கும் நடுவில் நாலு விரல் கனத்தில் நீளமாக, அதே வாடையோடு. உன் குழாயில் வருகிறது என்று எழுதினாயே, அது இங்கே என் காலடியில். உனக்கு இதைச் சொன்னால் சிரிப்பாய், அந்த அவமானத்திலும் எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது. என் மகள் எழுதியது எழுத்துக்கு எழுத்துச் சரி. ஆரோக்கியம் ஒரு பிடி எடுத்து முகர்ந்தாள். அப்புறம் உட்கார்ந்து அழுதாள். "நான் பொய்யாச் சத்தியம் பண்ணியிருக்கேன்ணே" என்றாள். இத்தனை வருஷத்தில் நான் பயந்த கோபத்தில் ஒன்றுகூட அவளிடமிருந்து வரவில்லை, இது வந்தது. நானும் அழுதேன். வயதான இரண்டு பேர் மட்ட மத்தியானத்தில் ஓடைக்குள் உட்கார்ந்து அழுவதைப் பார்த்து ஆடு மேய்க்கிறவள் சொத்துத் தகராறு என்று நினைத்துக்கொண்டு போனாள்.

போன ஞாயிறு, பூசை முடிந்ததும் அவள் சத்தியம் செய்த அதே இடத்தில் நின்று ஊருக்கு முன்னால் சொன்னேன். கூட்டத்தில் பாதிப் பேர் நான் அடித்துப் படிக்கவைத்தவர்கள். சொல்லி முடித்ததும் கோயில் உபதேசியார் எழுந்தார். அவரும் என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்தவர்தான். "சார், பொய் சொன்னா எங்களைப் பெஞ்சு மேல நிக்கச் சொல்லுவீங்கள்ல" என்றார். கோயில் பெஞ்சு ஒன்றை யாரோ தூக்கிக்கொண்டு வந்து போட்டார்கள். ஏறினேன் தாயி. ஐம்பத்தாறு வயதில், ஜிப்பாவும் அங்கவஸ்திரமுமாக, ஊர் முன்னால் பெஞ்சு மேல் நின்றேன். முதலில் சிரித்தது ஆரோக்கியம். அப்புறம் சாமியார். அப்புறம் ஊரே சிரித்தது, நானும் மேலே நின்றபடி சிரித்தேன். பதினோரு வருஷமாக நெஞ்சில் கிடந்தது அந்தச் சிரிப்பில் கரைந்தது. சொன்னால் என்ன ஆகுமோ என்று இத்தனை காலம் பயந்தேனே, ஆனது இவ்வளவுதான். உனக்கு எப்போதாவது ஒரு அளவை மாற்றி எழுத வேண்டிய நெருக்கடி வந்தால், உன் அப்பன் பெஞ்சு மேல் நிற்பதை நினைத்துக்கொள்.

திங்கட்கிழமை விடியும்போது ஓடையில் பதினாலு வண்டி நின்றது. நான் யாரையும் கூப்பிடவில்லை. வளைவின் ஓரத்தில் கொஞ்சம் தண்ணீர் தேங்கிய இடம் இருந்தது, அங்கேயும் சட்டென்று வெட்ட இறங்கினார்கள். ஆரோக்கியம் கையை நீட்டித் தடுத்தாள். "தண்ணிக்குள்ள கெளறினா அடியில கெடக்குற விஷம் மேல வரும்னு புள்ள எழுதியிருக்கு. அணையைப் போட்டுக் காய விடுங்க, அப்புறம் அள்ளலாம்" என்றாள். உன் கடிதம் அவளுக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. ஊரும் கேட்டது. நாலு நாள் வேலை. பெண்கள் ஓடைக்கரையிலேயே உலை வைத்தார்கள், என் இலையில் வெஞ்சனம் மறுபடி விழுந்தது. மணலோடு கலந்து கிடந்ததால் கிடைத்த மண்ணே பதினோரு வண்டி வந்தது. எல்லாம் பாறைக்குழிக்குப் போய், மேலே களிமண் போட்டு மிதித்து மூடியாயிற்று. சூசை மச்சான் ஒவ்வொரு வண்டிக்கும் குழி ஓரத்தில் நின்று, "உள்ள போயிருச்சா, நல்லாப் பாத்துக்கங்க, வாத்தியார் வண்டி" என்று சத்தம் போட்டுக்கொண்டே இருந்தார். அவர் வாயை இனி யாராலும் மூட முடியாது.

ஆனால் எல்லாம் கிடைக்கவில்லை. வளைவில் படிந்தது இருந்தது, வெள்ளத்தோடு கரைந்து போனது போனதுதான். வகுப்பில் படம் போட்டுக் காட்டுகிற மாதிரி ஆரோக்கியத்துக்குச் சொன்னேன்: இந்த ஓடை குடகனாற்றில் சேரும், அது அமராவதிக்கு, அமராவதி காவிரிக்கு, காவிரி கடலுக்கு. உன் காயல் அந்த வழியில் இல்லை, வெகுதூரம் வடக்கே இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். அவள் அதையெல்லாம் காதில் வாங்கவில்லை. நேற்றுச் சாயங்காலம் கடைசி வண்டி காலியானதும் கையைக்கூடக் கழுவாமல் நேரே அந்தோணியார் கோயிலுக்குப் போனாள், நான் பின்னாலேயே போனேன். மெழுகுவர்த்தி ஏற்றினாள். பிறகு சுரூபத்தைப் பார்த்து, எதிர்வீட்டுக்காரரிடம் பேசுகிற குரலில் பேசினாள்.

"நான் பண்ண சத்தியம் இன்னிக்குத்தான் முக்காலே மூணு வீசம் மெய்யாச்சு சாமி. மிச்ச ஒரு வீசம் தண்ணியோட போயிருச்சு. அதை அங்கன எங்க புள்ள பாத்துக்கிரும்."

உன் அப்பா